கல்யாண நாளுக்குச் சென்னை: மலையிலிருந்து இறங்கும் தம்பதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே சமவெளியில் இருப்பவர்கள் கல்யாண நாளைக் கொண்டாட ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஏறி வருகிறார்கள். குன்னூரிலேயே குடியிருக்கிற நாங்கள் எங்கே போவது? நானும் வீட்டுக்காரரும் இரண்டு முறை சென்னைக்குப் போனோம். பத்தாவது கல்யாண நாளுக்கு ஒரு முறை, இருபதாவதுக்கு ஒரு முறை. முதல் பயணம் பாதியிலேயே கெட்டது. இரண்டாவதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைகிறது.

இரண்டுக்கும் நடுவில் நாங்கள் புரிந்துகொண்டது இதுதான்: மலைக்காரர்களுக்குச் சென்னையில் அட்டவணை போடுவது வெயில். காலை 10 மணி வரை வெளியே, மாலை 4 மணிக்கு மேல் மறுபடி வெளியே. நடுவில் நிழல், சாப்பாடு, தூக்கம். கீழே எழுதியிருக்கிற ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கை வைத்துத்தான் நிற்கிறது. கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் எங்கிருந்து கிளம்பினாலும் பொருந்தும்.

முதல் படி: மாதமும் கிழமையும்

எங்கள் கல்யாணம் தை மாதம் நடந்தது. ஆனால் பத்தாவது ஆண்டில் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு வேண்டுமே என்று மே மாதம் போனோம். முதல் நாளே பகல் பதினொன்றரை மணிக்கு மெரினா மணலில் நடந்தோம். கண்ணகி சிலையிலிருந்து தண்ணீர் வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் இவர் முகம் வெளுத்துவிட்டது. வேர்ப்பதுகூட நின்றுபோய், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏறியது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். மே மாதத்திலும் ராத்திரியில் கம்பளி கேட்கிற உடம்பு அது. ஒரே ராத்திரியில் அதைச் சென்னை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் தாங்காது.

அதனால் உங்கள் கல்யாணம் எந்த மாதம் நடந்திருந்தாலும் சரி, பயணத்தைத் தை பாதியிலிருந்து மாசிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இங்கே உறைபனி; விடியற்காலையில் புல் வெள்ளையாக இருக்கும். சென்னையிலோ பகலில் 30 டிகிரியை ஒட்டி, காலையும் மாலையும் இதமாக இருக்கும். பனியில் தேயிலை வரத்தும் குறைந்துவிடுவதால் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு லீவு கிடைப்பதும் அப்போது எளிது. கல்யாணத் தேதி வேறு மாதத்தில் வந்தால், அன்று கோயிலுக்குப் போய் வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடிவிட்டு, பயணத்தைத் தைக்குத் தள்ளி வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இரண்டு முனையிலும் வழியை அடைக்கும். 2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்தது நினைவிருக்கும். சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் நின்றது. பொங்கலை ஒட்டிய பத்து நாட்களையும் விட்டுவிடுங்கள், ரயிலில் இடம் இருக்காது.

அடுத்தது கிழமை. இதைப் பலரும் யோசிப்பதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு ஞாயிறு. சனி, ஞாயிறு என்றால் கடற்கரையிலும் தியாகராய நகரிலும் கால் வைக்க இடம் கிடையாது, அறை வாடகையும் ஏறும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே விடைதான் வருகிறது: செவ்வாய் மாலை கிளம்பி, புதன், வியாழன், வெள்ளி சென்னையில் இருந்து, சனிக்கிழமை காலை மலைக்குத் திரும்புவது. ஞாயிறு ஒரு நாள் வீட்டில் ஓய்வு. திங்கள் வேலைக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: சொந்தக்காரர்களிடம் சொல்வது

டிக்கெட் எடுக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். நம் எல்லோருக்கும் சென்னையில் ஒரு சித்தியோ அத்தையோ மாமா பிள்ளையோ இருப்பார்கள். "வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா?" என்று உண்மையான பாசத்தோடுதான் கேட்பார்கள். போனால் ராஜ உபசாரம் நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் சமையலறையில் இருப்பீர்கள், வீட்டுக்காரர் கூடத்தில் டி.வி. முன்னால் இருப்பார். மூன்று நாளும் இருவரும் தனியாகப் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். எங்கள் முதல் பயணத்தின் பின்பாதி அப்படித்தான் போனது.

இரண்டாவது முறை நான் சித்திக்கு ஒரு வாரம் முன்பே போன் செய்து சொன்னேன்: "சித்தி, இந்த முறை நாங்க ரெண்டு பேர் மட்டும் வர்றோம். இருபது வருஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலுக்கு முன்னாடி உங்களைப் பார்க்காம போக மாட்டேன்." ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம், "போய்ட்டு வாங்கம்மா, எங்களுக்குத்தான் தோணவே இல்லை" என்றார். மறைத்துப் போய்விட்டுப் பிறகு போட்டோவில் மாட்டிக்கொள்வதைவிட, நேரத்தைக் குறித்து முன்பே சொல்லிவிடுவது நல்லது. கையோடு அரைக் கிலோ ஊட்டி வர்க்கியும் ஒரு பாக்கெட் தேயிலைத் தூளும் கொண்டுபோங்கள்.

மூன்றாம் படி: ரயில்

நமக்கென்றே அமைந்த வண்டி நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்தில் இரவு 9 மணிக்கு மேல் புறப்பட்டு, விடியற்காலையில் சென்னை சென்ட்ரலில் கொண்டுபோய் இறக்கும். புறப்படுகிற ஊரே மேட்டுப்பாளையம் என்பதால் நிதானமாக ஏறிப் படுக்கையைப் போட்டுக்கொள்ளலாம். திரும்பும்போதும் இதே வண்டி, சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணியை ஒட்டிக் கிளம்பும். நேரம் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 27 கிளம்புவதாக இருந்தால் நவம்பர் 28 அன்று காலை உட்கார வேண்டும். அதற்கு முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் இருவரில் ஒருவர் ஆதாரை இணைத்து வைத்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் சமயத்திலும் தட்காலிலும் ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் டிக்கெட் தருகிறார்கள். தட்கால் என்றால் பயணத்துக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

மூன்றாம் வகுப்பு ஏசி போதும். 45 வயது தாண்டிய பெண்களுக்கு இடம் இருந்தால் லோயர் பெர்த் கொடுப்பார்கள், பதிவு செய்யும்போது வயதைச் சரியாகப் போடுங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் மட்டும் படுக்கிற கூபே இருக்கிறது. சார்ட் போடும்போதுதான் ஒதுக்குவார்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளி விழாத் தம்பதிக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

இடம் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் போய்ச் சேரன் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். வந்தே பாரத் காலை 6 மணிக்கே கோவையிலிருந்து கிளம்புவதால் முந்தின ராத்திரி கோவையில் தங்க வேண்டியிருக்கும், நமக்கு ஒத்துவராது. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து நகருக்குள் இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த உடம்போடு அது பெரிய தூரம்.

நான்காம் படி: அறை

எழும்பூரில் எடுங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அருங்காட்சியகம் பக்கம், மின்சார ரயில் பக்கம், திரும்பும் நாளில் சென்ட்ரலும் பக்கம். மயிலாப்பூர் அழகான இடம்தான், ஆனால் இப்போது மெட்ரோ வேலைக்காகச் சாலைகளைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பெட்டியோடு திரிய முடியாது.

போனில் பேசும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? நம் வண்டி விடியலில் போய்விடும். முதல் முறை நாங்கள் காலை ஆறரைக்கு ஒரு லாட்ஜில் போய் நின்றபோது 12 மணிக்குத்தான் அறை என்றார்கள். அதோடு என்னுடைய அடையாள அட்டை வீட்டிலேயே இருந்துவிட்டது. இருவருடையதும் இல்லாமல் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே குளிக்கவும் இடமில்லாமல்தான் அன்று நேரே வெயிலில் கிளம்பினோம். கணவன், மனைவி இருவருடைய ஆதார் அட்டையும் அசலாகக் கையில் இருக்கட்டும். எழும்பூர், பெரியமேடு பக்கம் 24 மணி நேரக் கணக்கில் கொடுக்கிற விடுதிகள் இருக்கின்றன. அங்கே காலை 7 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 7 மணி வரை ஒரு நாள்.

வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்தே வாடகை கட்டிவிடுங்கள். காலையில் காலி செய்துவிட்டால் பகல் தூக்கம் போய்விடும், அந்த ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைய வேண்டிவரும். தெருப் பக்க ஜன்னல் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரியில் சில்வண்டுச் சத்தம் கேட்டுத் தூங்கிப் பழகிய நமக்கு எழும்பூர் ஹாரன் சத்தம் ஒத்துக்கொள்ளாது.

இரண்டு பேருக்கு ரயில், அறை, சாப்பாடு, ஒரு நாள் கார் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. புடவை தனி.

ஐந்தாம் படி: வீட்டை விட்டுக் கிளம்புவது

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டாயிற்று, நாயைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. அடுத்து சமையலறையைப் பாருங்கள். பூட்டிய வீட்டில் வாழைப்பழம், வெல்லம், எண்ணெய் எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கரடி கதவை உடைப்பது நமக்குத் தெரியாததல்ல. கம்பளியை எல்லாம் மடித்து உள்ளே வையுங்கள்.

பையில் பருத்தித் துணி மட்டும். இறுக்கமான பேன்ட் வேண்டாம். குடை, தொப்பி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு, பழைய செருப்பு. ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்று போதும், திரும்பும் காலையில் அது வேண்டும். ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலோடு மலை ஏறினால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் மாலை 4 மணி பஸ்ஸில் ஏறினால் சரியாக இருக்கும். ஊட்டிக்காரர்கள் 3 மணிக்கு. கூடலூர், பந்தலூர் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். குஞ்சப்பனையிலும் பர்லியாற்றிலும் இருட்டும் நேரத்தில் யானை சாலைக்கு வந்து நின்றால் வண்டிகள் எல்லாம் காத்திருக்கும். அந்தத் தாமதத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மேட்டுப்பாளையத்தில் பஸ் நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் வயிறு நிறைய வேண்டாம்.

ஆறாம் படி: புதன், எழும்பூர்

சென்ட்ரலில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்வார்கள். நேராக மெட்ரோவுக்கு இறங்கிவிடுங்கள். அறைக்குப் போய்க் குளித்து, டிபன் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்குங்கள்.

10 மணிக்குப் பாந்தியன் சாலை அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது, பெரிய வளாகம். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் விட்டுவிடும். எங்களைக் கேட்டால், நேரே வெண்கலச் சிற்பக் கூடத்துக்குப் போங்கள் என்போம். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு, திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரரைத் தேடுங்கள். சோழர் காலம், 11-ஆம் நூற்றாண்டு. வலது பாதி சிவன், இடது பாதி உமை. ஆண் பக்கத்தில் இரண்டு கை, பெண் பக்கத்தில் ஒன்று.

இவர் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவர். வாடப் போட்ட இலையில் ஒரு பிடி எடுத்து அமுக்கி, விரித்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். அந்தச் சிலைக்கு முன்னால் அப்படித்தான் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தோள்ல பாரு, இடுப்புல பாரு, ரெண்டும் வேற வேற. ஆனா எந்த எடத்துல மாறுதுன்னு சொல்ல முடியல" என்றார். நான் நெற்றியிலிருந்து பாதம் வரை ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். உண்மைதான், கோடு எங்கேயும் இல்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். கல்யாண நாளுக்கு எந்தக் கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்தக் கூடத்துக்குப் போய்விடுங்கள்.

வெளியே வந்தால் அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ். 1935-ல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு. கல்யாண நாள் புடவையை இங்கே எடுக்கலாம் என்பது என் முடிவு. கூட்டமில்லை, அவசரப்படுத்த மாட்டார்கள், உட்கார்ந்து விரித்துப் பார்க்கலாம். காஞ்சிபுரம் பட்டு என்றால் சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். அப்புறம் கோர்வையா என்று கேளுங்கள். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) நெய்து, ஒவ்வொரு குறுக்கு இழையிலும் கோத்துச் சேர்ப்பது. புடவையைத் திருப்பிப் போட்டுக் கரை சேருகிற இடத்தைப் பார்த்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருப்பது தெரியும். மேல்பக்கம் பார்த்தால் ஒரே துணி. அரக்கு உடலும் மயில்கழுத்துப் பச்சைக் கரையுமாக நான் எடுத்த புடவையை இவர்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்பனையாளர் அம்மா, "சார் தறி போட்டவரா?" என்று கேட்டார்.

மலைக்குக் கொண்டுவந்த பட்டுக்கு ஒரு எச்சரிக்கை: நம் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றுங்கள்.

பகல் சாப்பாடு, தூக்கம். மாலை 4 மணிக்கு எழும்பூரில் மின்சார ரயில் பிடித்து மாம்பலம். நிலையத்திலிருந்தே ஆகாய நடைபாதை தியாகராய நகர் பஸ் நிலையம் வரை போகிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் கடந்துவிடலாம். பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் துணி வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு 8 மணிக்குள் திரும்புங்கள்.

ஏழாம் படி: வியாழன், மாமல்லபுரம்

இன்றைக்கு மட்டும் கார் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே பேசி, எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், சுங்கம் யார் கட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். எல்லோரும் முதலில் முட்டுக்காடு, பிறகு மாமல்லபுரம் என்று போவார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாமல்லபுரத்துக்கு முதலில் போய், பாறை சூடாகும் முன் பார்த்துவிட்டு, உச்சி வெயிலுக்குத் தட்சிணசித்ராவின் நிழலுக்குத் திரும்புங்கள்.

கடற்கரைக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அந்த நேரத்தில் சூரியன் கடல் பக்கமிருந்து விமானத்தின் மேல் விழும். பிறகு ஐந்து ரதங்கள், ஒரே டிக்கெட் இரண்டுக்கும் செல்லும். திரௌபதி ரதத்தைப் பாருங்கள், ஓலைக் குடிசையைப் பார்த்துச் செதுக்கியது போலவே இருக்கும். கடைசியாக அர்ச்சுனன் தபசு. அந்தப் பெரிய பாறையில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை இரண்டு காலில் நின்று தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். தேடிக் கண்டுபிடிக்கிற வரை நான் இவருக்குச் சொல்லவே இல்லை.

பத்தரைக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். இளநீர் குடித்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். தட்சிணசித்ராவில் தென்னிந்தியப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் காற்று வரும். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் அங்கே ஒன்றரை மணி நேரம் எதையும் பார்க்காமல் உட்கார்ந்து பேசினோம். கடன் எப்போது முடியும், பெரியவனை எங்கே சேர்ப்பது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது. வீட்டில் பேச முடியாதவை அல்ல. பேச உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான். மாலை 4 மணிக்குள் கிளம்பினால் நெரிசலுக்கு முன் எழும்பூர் வந்துவிடலாம்.

எட்டாம் படி: வெள்ளி, கடலும் மயிலாப்பூரும்

தை மாதம் சென்னையில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும். ஆறு மணிக்கு மெரினாவில் இருங்கள். நமக்குச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏற்கெனவே வெளுத்துத்தான் வரும். தண்ணீருக்குள்ளிருந்து சிவப்பாக ஏறுவதை இவர் நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பார்த்தார். பேன்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, அலை வந்து போகிறபோது காலடி மணல் சரிவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெரினாவில் குளிக்கத் தடை, இழுப்பு அதிகம்.

அங்கிருந்து ஏழரைக்கு மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போவது நல்லது. உமை மயிலாக வந்து புன்னை மரத்தடியில் ஈசனைப் பூசித்து அவரோடு சேர்ந்த ஊர் என்பதால்தான் மயிலை. அந்தப் புன்னை மரம் பிராகாரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சன்னதியில் கூட்டம் இருக்கும். இருந்தாலும் கல்யாண நாள் என்று சொல்லி இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்துகொள்ளுங்கள். மாட வீதியில் ஒரு முழம் மல்லிகை வாங்குங்கள். காலை டிபனுக்கு ராயர் மெஸ் போன்ற பழைய கடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தாமதமாகப் போனால் பொங்கலும் வடையும் தீர்ந்துவிடும். காபி பிடிக்காதவர்கள் தேநீர் கேட்கலாம், அந்தத் தூள் பெரும்பாலும் நம் பக்கத்துத் தூள்தான்.

சாதாரண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இங்கேயும் இலவசம், நம் மலையில் போலவே. ஆட்டோ என்றால் செயலியில் தொகை பார்த்துவிட்டு ஏறுங்கள்.

10 மணிக்கு அறை. தூக்கம். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சித்தி வீட்டுக்காரர்கள் எழும்பூருக்கே வந்தார்கள். ஒரு ஓட்டலில் எல்லோரும் டிபன் சாப்பிட்டோம், வர்க்கியைக் கொடுத்தோம். எட்டு மணிக்குச் சென்ட்ரல்.

ஒன்பதாம் படி: மேலே

விடியற்காலை ஆறு மணியை ஒட்டி மேட்டுப்பாளையம். நேரே பஸ்ஸுக்குப் போய்விடாதீர்கள். அதே நிலையத்தில் மலை ரயில் 7.10-க்குக் கிளம்ப நிற்கும். 1899-ல் குன்னூருக்கு வந்த ரயில், 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. வெளியூர்க்காரர்கள் முன்பே பதிவு செய்து ஏறுகிறார்கள். இருபது வருஷத்தில் நாங்கள் அதன் ஊதலைத்தான் கேட்டிருக்கிறோம், ஏறியதில்லை. உங்கள் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்கும்போதே இதற்கும் எடுத்துவிடுங்கள். கோவையில் இறங்கி வாடகைக் காரில் வருவதாக இருந்தால், நீலகிரிப் பதிவான டி.என். 43 எண் இல்லாத வண்டி மலை ஏற இ-பாஸ் வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்து வண்டி மெதுவாக ஏறும். கதவோரம் உட்காருங்கள். ஆடர்லி வரைக்கும் சென்னைப் புழுக்கம் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது குளிர்காற்று உள்ளே வந்தது. இவர் பையைத் திறந்து, புடவைப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து என் ஸ்வெட்டரை முதலில் எடுத்துக் கொடுத்தார்.